இரைச்சலுக்குள் இருந்தவர்

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் சில வருடம் ஒருவர் குடியிருந்தார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் முதலில் வருவது அவர்தான். 'ங்ங்ங்ங்' என்று, எங்கேயோ தூரத்தில் நெல்லு மில் ஓடுவதுபோல ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால்தான், கிணற்றுக்குள் நின்று கதைக்கிற மாதிரி, கூப்பிட்டவரின் குரல் வரும். வேறு ஊர்களில் இப்படி ஒரு சத்தம் வந்தால் சனம் 'லைன் சரியில்லை' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. போனுக்குள் சத்தம் கேட்டால் அதற்கு எங்களிடம் ஒரேயொரு விளக்கம்தான் இருக்கிறது: ஆரோ ஒட்டுக் கேட்கிறார்கள்.

அம்மா அந்த இரைச்சலுக்கு 'அவர்' என்று பெயர் வைத்திருந்தார். மரியாதையாகத்தான் சொல்வார். "அவர் வந்திட்டார்" என்பார், ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. கதைத்து முடித்து மற்றப் பக்கம் வைத்த பிறகும் அம்மா ஒரு கணம் பொறுத்து, "சரி ஐயா, நீங்களும் வையுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். முதல் தடவை கேட்டபோது நான் குசினி அடுப்படியில் நின்று வயிறு நோகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த மனிசனும் சம்பளத்துக்குத்தானே இருக்கிறார், அவரோடு நாங்கள் ஏன் முகத்தை முறிக்க வேண்டும் என்றார்.

எங்கள் வீடு வன்னியில், சண்டை நடந்த விசுவமடுவில், வாய்க்கால் கரையோரம் இருக்கிறது. வீட்டில் அம்மா, நான், என் கணவர், மூன்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். கணவருக்கு வயல், ஒரு உழவு இயந்திரம், உலகத்தில் உள்ள எந்த வயரையும் தன்னால் இழுக்க முடியும் என்ற நம்பிக்கை. வீட்டுக்கு இன்ரநெற் எடுத்தபோது அந்தப் பெட்டியிலேயே போன் கொழுவுகிற துவாரமும் இருந்தது. பெட்டிக்கு முன் விறாந்தை ஜன்னலடியில்தான் சிக்னல் பிடித்தது. அம்மாவுக்கோ போன் தன் கட்டிலடியில் வேண்டும். கணவர் ஒரு நாள் முழுக்க ஏணியில் நின்று, விறாந்தையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சாமி அறை, சாமி அறையிலிருந்து அம்மாவின் அறை என்று மெல்லிய வெள்ளை வயரை ஆணி அடித்துக் கொண்டுபோனார். முடிந்ததும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஒரு நூல் விலகினதெண்டு காட்டும் பாப்பம்" என்று என்னைச் சவாலுக்கு இழுத்தார். உண்மையில் பார்க்க வடிவாக, நேராகத்தான் இருந்தது. அந்த வடிவுதான் பிறகு எங்களை வினையில் மாட்டியது.

கைப்பேசி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அம்மா அதை நம்பமாட்டார். "அது காத்திலை போறது பிள்ளை, ஆரும் எட்டிப் பிடிக்கலாம்" என்பார். முகம் பார்த்துக் கதைப்பதென்றால் இன்னும் மோசம். படத்தைப் பார்த்து அழுவதிலேயே நேரம் போய்விடும். வயரில் போகிற கதைதான் கதை.

அப்படிக் கவனமாகக் காத்த கதை என்னவென்று கேட்டால், வெய்யில். சுவிஸில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் பொழுதுபடுகிற நேரம் கூப்பிடுவான். அவனுக்கு அப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். அவன் இங்கிருந்து போன விதத்தை நான் எழுதப்போவதில்லை, அம்மாவுக்குப் பிடிக்காது. இப்போது அவனுக்கு அந்த நாட்டுக் கடவுச்சீட்டு, வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் வழுக்கை எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் போனில் அவன் பெயரைக்கூட அம்மா சொல்லமாட்டார். "ஓம் மோனை. இஞ்சை நல்ல வெய்யில். குளத்திலை தண்ணி குறைவு. வெண்டி காய்க்குது. சரி மோனை." அவ்வளவுதான். வருடக்கணக்கில் என் தம்பி எங்கள் வளவின் வெண்டிக்காய் நிலைமையை நுணுக்கமாக அறிந்து வைத்திருந்தான். அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதே அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பக்கத்து வளவுக்காரியோடு ஊர் உலகம் முழுவதையும் உரத்துக் கதைப்பார். அந்த அக்காவின் ஆட்கள் ஒரு காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இன்றைக்கும் எங்கள் 'வாங்கோ, போங்கோ' இல்லாமல் 'வாங்க, போங்க' என்றுதான் கதைப்பார். வேலியில் கதைக்கும்போது அம்மாவின் குரல் வாய்க்காலுக்கு அப்பால் மாடு மேய்க்கிறவருக்கும் கேட்கும். அது பரவாயில்லை. போன் என்றால் மட்டும் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

இந்த வருடம் மாசி முடிகிற நேரம் தம்பி ஒரு ஞாயிறு கேட்டான், "அம்மா, ஆவணியிலை பிள்ளையளுக்கு லீவு. கூட்டிக்கொண்டு வரட்டோ?"

நான் அம்மாவின் கட்டிலில் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் கேட்டது எனக்கும் கேட்டது. அம்மாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல ஆனது. பிறகு இரைச்சல் காதுக்குள் கேட்டிருக்க வேண்டும். முகம் அப்படியே அணைந்தது.

"இஞ்சை சரியான வெய்யில் மோனை" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறும் கேட்டான். அம்மா குளத்தைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு அவன் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தனியாகக் கைப்பேசியில் எடுத்து, "அக்கா, அம்மாவுக்கு நான் வாறது விருப்பமில்லைப்போலை" என்றான். குரல் உடைந்திருந்தது.

அம்மாவைக் கிணற்றடியில் பிடித்து நல்லாகத் திட்டினேன். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். "உனக்கு விளங்காது. அவன் வாறான் எண்டு அவருக்குத் தெரிஞ்சால், நாளைக் குறிச்சு வைச்சுக்கொண்டு நிப்பினம். பிள்ளையை நானே காட்டிக் குடுக்கிறதே?" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. காலம் மாறிவிட்டது, எத்தனையோ பேர் வந்து போகிறார்கள் என்று தெரிந்த நியாயங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் பயம் நியாயம் கேட்கிற பயமில்லை.

தம்பிக்கு இதை அப்படியே சொன்னேன். "நீ சொல்லுறாய் அக்கா. அம்மா சொல்லேல்லை" என்றான். அவனும் அம்மாவின் பிள்ளைதானே, பிடிவாதத்துக்குக் குறைவில்லை. வேலையிடத்தில் ஆவணி லீவை வருகிற திங்களுக்குள் சொல்ல வேண்டும் என்றும், ஞாயிறு ஒரு தடவை கேட்பேன், அம்மா வா என்றால் வருவேன், இல்லாவிட்டால் மனைவியின் ஆட்களோடு கடற்கரைக்குப் போவோம் என்றும் சொன்னான்.

ஆகவே அந்த ஞாயிறு வருமுன், ஒரு கிழமைக்குள், 'அவரை' வீட்டை விட்டு எழுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தேன். இரைச்சல் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பயம் இல்லை, பயம் இல்லாவிட்டால் 'வா' என்று சொல்வார். கணக்கு நேராகத்தான் இருந்தது.

தொலைபேசிக்காரருக்கு முறைப்பாடு சொன்னேன். சோதித்துவிட்டு, தங்கள் பக்கம் லைன் சுத்தமாக இருக்கிறது, வீட்டுக்குள் பாருங்கள் என்றார்கள். அம்மா, "வேறை என்ன சொல்லுவினம்?" என்றார். பரந்தன் சந்திக்குப் போய் ரவுட்டர் பெட்டிக்குப் புது அடப்டர் வாங்கிக் கொழுவினேன். இரைச்சல் இம்மியும் அசையவில்லை. கணவர் தன் வயரில் பிழை வரவே முடியாது என்பதால், "எர்த் காய்ஞ்சு போச்சு, அதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். வெய்யில் காலத்தில் எங்கள் மண் வறண்டு வெடிக்கும்போது எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது என்பது உண்மைதான். சுவரோரம் புதைத்திருந்த கம்பியடியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அந்தக் கிழமை முடிவில் கம்பிக்குப் பக்கத்தில் தானாக முளைத்து நின்ற மிளகாய்க் கன்று பூத்துவிட்டது. போனில் மாற்றமில்லை.

"கன்றுக்கு எர்த் பிடிச்சிட்டுது" என்றேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வாளி ஊற்றினார்.

சனிக்கிழமை பகல் போனை எடுத்துப் பார்த்தால் சத்தமே இல்லை. அப்போதுதான் யோசித்தேன், பகலில் யாருமே எங்களைக் கூப்பிடுவதில்லை, அதனால் இதை இதுவரை கவனிக்கவில்லை. "பகலிலை அவருக்கு வேறை அலுவல் இருக்கும்" என்றார் அம்மா. அதைச் சொன்ன கையோடு, "கரண்ட் போனாலும் அவர் இருக்கமாட்டார். அவர் வேலை செய்யிற கந்தோருக்கும் கரண்ட் போயிடும்தானே" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கரண்ட் போனால் எங்கள் பெட்டி ஒரு சின்ன பற்றரியில் ஓடும். போன் வேலை செய்யும். போன வருடம் ஒரு ஞாயிறு அப்படித்தான் நடந்தது. கரண்ட் போயிருந்தது, தம்பி லைனில் இருந்தான், அம்மா குரலைத் திறந்து, "மோனை, நான் உன்னட்டை ஒண்டு கேக்க வேணும்" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. அம்மா ஒரு சொல்லும் தடுமாறாமல், "அங்கை வெண்டிக்காய் வாங்கலாமோ?" என்று முடித்தார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. கணக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கரண்ட் போகும்போது இரைச்சலும் போகிறதென்றால், இரைச்சல் எங்கள் வீட்டுக் கரண்டில்தான் இருக்கிறது.

"அம்மா, அவர் வெளியிலை இல்லை. எங்கடை வீட்டுக்குள்ளைதான் இருக்கிறார்" என்றேன்.

அம்மா குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

ஞாயிறு பொழுதுபட்டது. கணவர் வயலுக்குத் தண்ணீர் மாறப் போயிருந்தார். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, சாமி அறையில் விளக்கு வைத்துவிட்டு வந்தார். நான் அவரைக் கட்டிலில் இருத்தி ரிசீவரைக் கையில் கொடுத்தேன். நான் ஒவ்வொன்றாக நிப்பாட்டுவேன், நீங்கள் சத்தம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

பிரிட்ஜைக் கழற்றினேன். "இருக்கிறார்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. ரீவியைக் கழற்றினேன். "இருக்கிறார்." கூடத்து ஃபானை நிப்பாட்டினேன். "இருக்கிறார், ஆனால் சாடையாய் மனம் நொந்திட்டார் போலை." அது அம்மாவின் கற்பனை. குசினி லைற், விறாந்தை லைற், கைப்பேசி சார்ஜர், கிணற்று மோட்டரின் சுவிட்ச். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். வீடு இருண்டு, வெக்கையாகி, நுளம்பு கடிக்கத் தொடங்கியது. அம்மாவின் அறை லைற்றையும் அணைத்தேன். "இருக்கிறார்."

இனி நிப்பாட்ட ஒன்றுமில்லை என்று கூடத்தின் நடுவில் நின்றேன். இருட்டில் தடுக்கி விழாமல் நிற்கிறேனே, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. சாமி அறையில் பிள்ளையார் படத்தைச் சுற்றி, சிவப்பும் பச்சையுமாக, சின்ன மின்விளக்குச் சரம் மின்னிக்கொண்டிருந்தது. பொழுதுபட எண்ணெய் விளக்கு வைக்கும்போது அம்மா அதையும் போட்டுவிடுவார், பகலில் அது எரியாது.

பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. அதைத் தாண்டித்தான் குசினிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். விளக்கு வைத்த பிறகு சாமி லைற்றை யாராவது அணைப்பார்களா? எங்கள் வீட்டில் தீப்பற்றினாலும் அதைத் தொடமாட்டோம். கை அந்தப் பக்கம் போகாதபடியால் புத்தியும் போகவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். கணவர் வடிவு பார்த்த வடிவு தெரிந்தது. போன் வயரையும் சாமி லைற் வயரையும் ஒரே ஆணியில், ஒட்டினாற்போல, சாமி அறைச் சுவர் முழுக்க ஒன்றாகக் கொண்டுபோயிருந்தார். லைற் வயரின் கரண்ட் பக்கத்தில் படுத்திருந்த போன் வயருக்குள் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சரத்தின் மலிவு அடப்டரைத் தொட்டால் அதுவும் கையில் அதிர்ந்தது.

"பிள்ளையாரே, ஒரு நிமிசம்" என்று கும்பிட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன்.

எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது.

"அம்மா?"

"போயிட்டார்" என்றார் அம்மா, மிக மெதுவாக.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஓடிப்போய் அம்மாவின் அறை லைற்றைப் போட்டு, வயர் விசயத்தை விளக்கினேன். நாளைக்கு இரண்டு வயரையும் பிரித்து அடித்துவிட்டால் சாமி லைற்றும் எரியும், போனும் சுத்தமாக இருக்கும் என்றேன். அம்மா வடிவாக, கடைசிவரை கேட்டார். பிறகு, "அப்ப இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தது பிள்ளையாரே?" என்றார்.

"ஓம் அம்மா, அவரேதான்" என்றேன், வகுப்பில் கடைசி மணி அடித்த பிறகு கேள்வி கேட்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல.

போன் அடித்தது. தம்பியின் குரல், நம்பமாட்டீர்கள், பக்கத்துக் கதிரையில் இருப்பதுபோல வந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சுகம் விசாரித்துவிட்டு, "அம்மா, கடைசியாக் கேக்கிறன். ஆவணியிலை நாங்கள் வரட்டோ?" என்றான்.

அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்தினார். கண் சுவரில் அலைந்தது.

"இஞ்சை… வெய்யில் மோனை" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, "அம்மா!" என்று கத்திவிட்டேன். ரிசீவரைப் பறித்துவிடலாமா என்று கை போனது. அம்மா அதை நெஞ்சோடு அணைத்துப் பொத்திக்கொண்டு, "கத்தாதை பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை, எனக்குப் பயமாய்க் கிடக்கு. கரண்ட் இருக்கேக்கை இவர் இப்பிடி இருக்கிறேல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேக்கிறார் போலை" என்றார்.

இரைச்சல் இருந்தால் அவர் இருக்கிறார். இரைச்சல் இல்லாவிட்டால் அவர் ஒளித்திருக்கிறார். ஒரு கிழமை மினக்கெட்டு நான் செய்த வேலை அம்மாவின் பயத்தை இருட்டுக்குள் தள்ளியதுதான். இருந்தவரையில் குறைந்தது எங்கே இருக்கிறார் என்றாவது தெரிந்தது.

"மெயினை நிப்பாட்டவோ? கரண்ட் இல்லாட்டி அவரும் இல்லைத்தானே?" என்று கெஞ்சினேன்.

"இருட்டுக்கை இருந்தே பிள்ளையை வீட்டை கூப்பிடுறது?" என்றார் அம்மா. கண் நிறைந்திருந்தது. நெஞ்சோடு ஒட்டியிருந்த ரிசீவருக்குள் தம்பி, "சரி அம்மா. அப்ப நான் வைக்கட்டோ?" என்பது சின்னதாகக் கேட்டது.

அம்மா எழும்பி நின்றார்.

"சாமி லைற்றைப் போடு" என்றார்.

"அம்மா, போட்டால் இரையும்."

"இரையட்டும். பிள்ளையார்தானே? அவர் கேக்கட்டும். அவருக்குத் தெரியாமலே நான் கூப்பிடுறது? போடு."

ஓடிப்போய்ப் போட்டேன். சிவப்பும் பச்சையும் மின்னியது. திரும்பி வரும்போது அம்மா ரிசீவரைக் காதில் வைத்து, இரைச்சலைக் கேட்டு, ஆறுதலாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், தெரிந்த ஆள் வந்துவிட்டதுபோல.

"மோனை, வா" என்றார்.

தம்பி ஏதோ சொன்னான். "என்ன? இரையுதோ? இஞ்சையும்தான் இரையுது. வா எண்டு சொல்லுறன். வா!" அவனுக்கு இன்னும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இனிப் பொறுமையில்லை. வேலிக்குக் கதைக்கிற குரலை எடுத்தார். "என்ரை ராசா, வா! பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா! ஆவணியிலை வா! எனக்கு உன்னைப் பாக்க வேணும்!"

மாமரத்தில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. பக்கத்து வளவு அக்கா வேலிக்கு ஓடி வந்து, "யாரும்மா வர்றது?" என்று கேட்டார்.

"என்ரை மோன்!" என்று ஜன்னலால் கத்தினார் அம்மா. பெயரையும் சொன்னார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அவ்வளவு உரத்துக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஆவணியிலை வாறான்! பேரப்பிள்ளையளும் வருகினம்!" பெயர், மாதம், ஆட்கள் எல்லாவற்றையும் ஊருக்கே அறிவித்துவிட்டு, களைத்துப்போய்க் கட்டிலில் இருந்தார்.

ரிசீவரை நான் வாங்கினேன். இரைச்சலுக்குள் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, அம்மா சொல்லிட்டா" என்றான்.